ஏழாங்கட்டை வளைவில் ஹார்ன் அடிக்கக் கூடாதாம்

எங்கள் தோட்டத்துச் சாலையில் ஓட்டிப் பழகியவன் எந்தச் சாலையிலும் ஓட்டிவிடுவான் என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். இதில் என்ன பெருமை வேண்டிக் கிடக்கிறது? ஜாசினிலிருந்து வரும் பெரிய சாலையை விட்டுச் சிம்பாங்கில், அதாவது முச்சந்தியில், உள்ளே திரும்பினால் எங்கள் வீடுகள் வரைக்கும் குண்டும் குழியும்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிப் போகிற லோரிகள் தாரையெல்லாம் பிய்த்துத் தின்றுவிட்டன. மழை பெய்தால் எது குழி, எது சாலை என்று தெரியாது. வெயில் அடித்தால் முன்னால் போகிற லோரி கிளப்பும் செம்மண் தூசியில் எதுவுமே தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை யாரோ வந்து குழிகளில் கல்லைக் கொட்டி, படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அடுத்த மழைக்குக் கல் வாய்க்காலில் கிடக்கும்.

இந்தச் சாலையின் நடுவில்தான் ஏழாங்கட்டை வளைவு. கட்டை என்றால் மைல்; மைல்கல் காலத்துப் பெயர். கல் எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஆழமான வாய்க்கால், இரண்டு பக்கமும் செம்பனை. எதிரே யானையே வந்தாலும் மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் தெரியும்.

அந்த வளைவில்தான் முனியாண்டி இருந்தார். தகரக் கொட்டகை, ஒரு சூலம், எலுமிச்சம்பழம், சுருட்டு, அவ்வளவுதான் கோயில். ஆனால் அவரைத் தாண்டிப் போகிற எந்த வண்டியும் இரண்டு தடவை ஹார்ன் அடிக்காமல் போனதில்லை. ‘சாமி, நான் போறேன், பாத்துக்க’ என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் கொழுந்தன்கூட அடிப்பான். குலை வாங்க வருகிற சீனக் குத்தகைக்காரர் அடிப்பார். காலையில் கடற்கரைப் பக்கமிருந்து மோட்டாரில் மீன் கொண்டுவருகிற மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், அவரும் அடிப்பார். எதற்கு அடிக்கிறார்கள் என்று அவர்கள் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. நான் ஜாசினில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கிறேன். தினமும் இரண்டு முறை அந்த வளைவைத் தாண்டுகிறேன். வளைவு வந்தால் என் கை தானாக ஹார்னுக்குப் போகும்.

போன வருஷம் தோட்டம் கைமாறியது. புது முதலாளிக்குக் கோயில் இருந்த இடம் வேண்டுமாம். சிம்பாங்கில், பெரிய சாலை ஓரமாக, வேறு இடம் கொடுத்தார்கள். எங்கள் ஆலயத் தலைவர் காளிதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. தகரக் கொட்டகைக்குத் தலைவராக இருந்தவர், பளிங்குத் தரை, ஓட்டுக்கூரை, மின்விளக்குத் தோரணவாசல் எல்லாம் வைத்த கோயிலுக்குத் தலைவர் ஆகிறார் அல்லவா! கும்பாபிஷேகம் நன்றாகத்தான் நடந்தது. நான் குறை சொல்லவில்லை. அன்னதானத்துக்கு நானும்தான் கறிகாய் நறுக்கினேன். கடைசியில் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“பக்த கோடிகளே, ஒரு முக்கியமான விஷயம். இனிமே ஹார்ன் இங்க, புதுக் கோயில் முன்னாலதான் அடிக்கணும். பழைய எடத்துல யாரும் அடிக்கக் கூடாது. சாமி இப்ப அங்க இல்ல. ஆளில்லாத வீட்டுக் கதவத் தட்டக் கூடாது. தட்டுனா, வேற எதாச்சும் வந்து கதவத் தொறக்கும்.”

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதையே குரல்பதிவாக வாட்சாப்பிலும் அனுப்பினார். கேட்டதும் பிள்ளைக்குட்டிக்காரர்கள் நடுங்கிப் போனார்கள். அதன் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் வளைவில் ஹார்ன் அடிப்பதில்லை. ஒரு நாள் பழக்கதோஷத்தில் என் கை போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் வீரமுத்து என் கையைத் தட்டிவிட்டார்.

“தலைவரு சொன்னது ஞாபகம் இல்லியா?”

“ஞாபகம் இருக்கு. கைக்குத்தான் ஞாபகம் இல்ல,” என்றேன்.

இன்னொன்றும் நடந்தது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது கோயிலைச் சுற்றிப் புல் வெட்டுவார்கள். செம்பனை மட்டை சாய்ந்திருந்தால் வெட்டிப் போடுவார்கள். சாமியே போய்விட்ட பிறகு அங்கே யார் போகிறார்கள்? இடத்தைக் கேட்டு வாங்கிய முதலாளியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. லாலான் புல் ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. வளைவில் கொஞ்சநஞ்சம் தெரிந்துகொண்டிருந்த சாலையும் அதற்குப் பின்னால் மறைந்துபோனது.

என் மகள் ராகினி ஜாசினில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். தன் சம்பளத்தில் ஒரு பழைய விவா கார் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்குள் பஸ் வருவது என்றைக்கோ நின்றுவிட்டது. கார், எங்கள் பேச்சில் காடி, இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலையும் இல்லை. அன்றைக்கு சாயங்காலம் வேலை முடிந்து வந்தாள். சிம்பாங்கில் திரும்பினாள். புதுக் கோயிலுக்கு முன்னால் இரண்டு தடவை ஹார்ன் அடித்தாள். வளைவுக்கு வந்தாள். எதிரே குலை ஏற்றிக்கொண்டு லோரி வந்தது. அவள் வாய்க்கால் பக்கம் ஒடித்தாள். லோரியின் முன்பக்கம் விவாவின் வலதுபக்கக் கதவை இடித்துத் தள்ளியது. காடி வாய்க்காலுக்குள் போய்விட்டது.

காறை எலும்பு முறிந்தது. நெற்றியில் தையல். கொஞ்சம் தள்ளி இடித்திருந்தால் நான் இந்தக் கதையை இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது உண்மைதான். ஆனால் அழுகை அன்றோடு முடிந்தது. கோபம்தான் முடியவில்லை. ஏனென்றால் அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் தலைவர் திருநீறு எடுத்துக்கொண்டு வந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். ராகினியின் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“ராகினி, அங்கிள்கிட்ட பொய் சொல்லக் கூடாது. அன்னிக்கு ஹார்ன் அடிச்சியாம்மா?”

“அடிச்சேன் அங்கிள். கோயில் முன்னால.”

“கோயிலுக்கு எதிர்ல வேலாயி கடை இருக்குல்ல? அவ காதுல விழலியாமே.”

வேலாயி கடையில் டிவி நாள் முழுக்க அலறும். வாடிக்கையாளர் மீ கோரெங் கேட்டால் அவள் நாசி கோரெங் கொண்டுவந்து வைப்பாள். அவள் காது இப்போது கோயில் சாட்சியாகிவிட்டது!

“வேலாயிக்கு அவ புருஷன் கூப்புடறதே கேக்காது அண்ணே,” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினார். “வீரமுத்து, நான் ஒன்னும் என் சொந்த விஷயமா பேசல. புதுக் கோயில் கட்டி முழுசா ஒரு வருஷம்கூட ஆகல. அதுக்குள்ள இப்படி ஒரு ரத்தம். சாமி கோவமா இருக்காரு. பூசாரியும் அதான் சொல்றாரு. வர்ற வெள்ளிக்கெழம பொண்ணு கோயிலுக்கு வரட்டும். சுத்தி வந்து விழுந்து கும்புட்டு, எல்லார் முன்னாலயும் மைக்குல, ‘ஹார்ன் அடிக்காம போனது என் தப்பு’ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அதோட முடிஞ்சிரும். இல்லன்னா அடுத்து யாரு வீட்டுப் பிள்ளையோ?”

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்த மனிதருக்கு ஆட்டத்தான் தலை கொடுத்திருக்கிறார் கடவுள்.

அந்தக் கடைசி வார்த்தை தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. ‘அடுத்து யாரு வீட்டுப் பிள்ளையோ?’ அடுத்த வீட்டுக் கமலவேணி, என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொல்கிறாள்: “இந்திரா அக்கா, கோச்சிக்காதீங்க. என் மவனும் மோட்டர்லதான் போறான். ராகினி ஒரு வார்த்த சொல்லிட்டா எல்லாருக்கும் நிம்மதி லா.” எல்லாருக்கும் நிம்மதியாம். என் பிள்ளை எலும்பு முறிந்து கிடக்கிறாள், அவள்தான் ஊருக்கு நிம்மதி கொடுக்க வேண்டுமாம்.

ஆனால் அதைவிட மோசமானது வீட்டுக்குள் நடந்தது. ஒரு நாள் நான் ராகினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“மா, ஒருவேள நான் அடிக்கலையோ?”

“என்னடி சொல்ற?”

“அடிச்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா தெனமும் அடிக்கிறேன்ல? வேற நாளு அடிச்சத அன்னிக்கு அடிச்சதா நெனச்சுக்கறேனோ? எல்லாரும் சொல்றாங்களே மா.”

என் கை நின்றுவிட்டது. லோரி உடைத்தது எலும்பைத்தான். இவர்கள் உடைத்தது அவள் புத்தியை. இருபத்துமூன்று வயதுப் பெண், மருந்துச்சீட்டில் ஒரு எழுத்து தவறினாலும் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கிற பெண், தன் கை தான் சொன்னதைச் செய்ததா என்று சந்தேகப்படுகிறாள். வெள்ளிக்கிழமை அந்த மைக்கில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் அது அவளுடையதாகிவிடும். இதை நான் நடக்க விடக் கூடாது என்று அப்போதே தீர்மானித்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

லோரி ஓட்டிய தேவன் ஒரு மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வந்தான். அவனும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். மெர்லிமாவ் பக்கத்தில் வீடு, இந்தத் தோட்டத்துக் குலை ஏற்றுகிறான். வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்னதும் அழுதான்.

“நான் வேகமா வரல ஆன்ட்டி. சத்தியமா. லோடு ஏத்திட்டு அந்த ரோட்டுல வேகமா வரவும் முடியாது.”

“ஹார்ன் அடிச்சியா?”

“எங்க?”

“வளைவுல.”

அவன் திருதிருவென்று முழித்தான். “வளைவுலயா? அங்க அடிக்கக் கூடாதுன்னு தலைவரு சொன்னாரே ஆன்ட்டி. நான் சிம்பாங்ல, கோயில் வந்ததும் அடிக்கலாம்னு வந்தேன். முன்னாடின்னா வளைவுலயே அடிச்சிருவேன். அந்தப் பக்கம் யாராச்சும் அடிச்சாலும் கேக்கும். கேட்டா மெதுவா ஓரம் கட்டி நிப்பாட்டிருவேன்.”

அவன் போன பிறகும் நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளும் தலைவர் சொல்லைக் கேட்டாள். அவனும் கேட்டான். அவள் சிம்பாங்கில் அடித்துவிட்டு வந்தாள். அவன் சிம்பாங்கில் அடிக்கலாம் என்று வந்தான். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக வாயை மூடிக்கொண்டு வளைவுக்குள் நுழைந்தார்கள். இதில் எந்தப் பேய் வந்து எந்தக் கதவைத் திறந்தது? இத்தனை வருஷம் எங்களைக் காப்பாற்றியது சாமி என்றால், அந்த ஹார்ன் சத்தத்தில்தான் அவர் இருந்திருக்கிறார். அதைத்தான் எடுத்துவிட்டார்கள். நாங்களும் எடுக்க விட்டோம். ஒருவருக்கும், எனக்கும்தான், ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லையே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போது வளைவில் ஹார்ன் சத்தம் கேட்டது. நான் ஓரம் கட்டினேன். மீன்கார பாக்சிக் மோட்டாரில் வந்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் எங்கள் வாட்சாப் குழுவில் இல்லை. அடிக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் அவர் நன்றாக இருக்கிறார்.

முதலில் தோட்ட அலுவலகத்துக்குப் போனேன். புல்லை வெட்டுங்கள், வளைவில் எதிர்வண்டி தெரிகிற மாதிரி ஒரு குவிகண்ணாடி வையுங்கள் என்று கேட்டேன். அது சாலை ஓரம், எங்கள் வேலை இல்லை என்றார்கள். சாலையைப் பராமரிக்கிறவர்களிடம் போனேன். அது தோட்ட நிலம், எங்கள் வேலை இல்லை என்றார்கள். அந்தப் புல் யாருடையது என்று அந்தப் புல்லைத்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது. பிறகு தலைவர் வீட்டுக்குப் போனேன். தேவன் சொன்னதைச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன்.

“தங்கச்சி,” என்றார், பத்துமலைக்குப் படி ஏறுகிறவர் மாதிரி பெருமூச்சு விட்டுக்கொண்டு. “ரோட்டு விஷயம் வேற, சாமி விஷயம் வேற. ரெண்டையும் கலக்காத.”

“ரெண்டும் ஒரே வளைவுல இருந்துச்சு அண்ணே.”

“பொம்பள நீ, காடி ஓட்டறதனால எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசற. வெள்ளிக்கெழம பொண்ணக் கூட்டிட்டு வா. சாமிகிட்ட வாதாடாத.”

நான் சாமியிடம் எங்கே வாதாடினேன்? இவரிடம்தான் வாதாடினேன். இரண்டுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் கோளாறே.

வீட்டில் தேவன் சொன்னதைச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். “மன்னிப்புக் கேட்டா என்ன கொறஞ்சா போயிருவா?” என்றார். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டால் அது செய்த தப்பாகிவிடும் என்றேன். அவர், ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்றார். இரண்டு பேர் குரலும் உயர்ந்தது. அறைக்குள்ளிருந்து ராகினி வந்தாள். கட்டுப்போட்ட கை கழுத்திலிருந்து தொங்கியது.

“சண்ட போடாதீங்க லா. நான் போறேன். சொல்லிட்டு வந்துர்றேன். இனி தாங்காது, தாஹான் பண்ண முடியல மா.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவளுக்கு வர வேண்டிய கோபமும் சேர்ந்து எனக்கே வந்துவிட்டது போல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். தலைவர் வீடும் தோட்டத்துக்குள்தான், எங்கள் வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி. அவருடைய பிக்கப் வண்டியில் நாற்காலியும் பொங்கல் அண்டாவும் முன்னாலேயே போய்விட்டன. என் வீட்டுக்காரர் மரியாதை தெரிந்தவர் அல்லவா, “தலைவரே, நம்ம காடியிலயே வாங்க” என்று அழைத்துவிட்டார். அழைத்தது ஒரு விதத்தில் நல்லதுதான். தலைவர் ஜரிகை வேட்டியோடு முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ராகினியும் அவள் அப்பாவும் பின்னால். என் பழைய சாகா காடியை நான் ஓட்டினேன்.

வழி நெடுக அவர் புதுக் கோயிலுக்கு வாங்கப்போகிற மணியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், சாலை அகலமாக இருக்கிற இடத்தில், நான் ஓரம் கட்டி நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன்.

“என்னம்மா? காடிக்கு என்ன?”

“காடிக்கு ஒன்னும் இல்ல. வளைவு வருது அண்ணே.”

“வரட்டும், போ.”

“ஹார்ன் அடிச்சிட்டுப் போகவா, அடிக்காம போகவா? நீங்களே சொல்லுங்க.”

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், “இந்திரா, வெளையாடாத” என்றார். நான் திரும்பவில்லை.

தலைவர் சிரித்தார். “நான்தான் சொல்லியிருக்கேனே, இங்க அடிக்கக் கூடாதுன்னு. போம்மா, பூசைக்கு நேரமாவுது.”

“சரி, அடிக்காமலே போறேன்.” எஞ்சினை முடுக்கினேன். காடி ஒரு முழம் நகர்ந்தது. முன்னால் லாலான் புல் சுவர் மாதிரி நின்றது. அதற்கு அந்தப் பக்கம் இருப்பது எதுவும் தெரியவில்லை. “அந்தப் பக்கம் இப்ப என்ன வருதுன்னு உங்களுக்குத் தெரியுதா அண்ணே?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் தெரியாது. என் பொண்ணுக்கும் தெரியல.”

“மெதுவா போம்மா.”

“அவளும் மெதுவாதான் போனா. கதவு உங்க பக்கம் இல்ல, என் பக்கம்தான் நசுங்கும், பயப்படாதீங்க.” இதைச் சொன்ன பிறகு பின்சீட்டில் ராகினி மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அவள் இருக்கும்போது அதற்கு மேல் நான் ஒரு அடிகூட நகர்த்தியிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். தலைவருக்குத் தெரியாது.

அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பூசியிருந்த திருநீறு வேர்வையில் கரைந்து மூக்குப் பக்கம் வந்தது. தூரத்தில் என்னவோ உறுமுகிற சத்தம் கேட்டது. காற்றா, வண்டியா என்று சொல்ல முடியவில்லை. நான் கியரில் கை வைத்தேன்.

“அடி!” என்றார்.

“என்னண்ணே?”

“ஹார்ன அடிம்மா!”

“வேற எதாச்சும் வந்து கதவத் தொறக்குமே?”

அவர் என் கைக்கு மேலாக எட்டி, தானே ஹார்னை அழுத்தினார். ஒரு தடவை இல்லை, விடாமல் அழுத்தினார். சாகாவின் தொண்டை கிழிந்துபோனது. அந்தப் பக்கமிருந்து லோரி ஹார்ன் பதில் சொன்னது. பிறகு அது மெதுவாக, ஓரமாக, எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டிய முகம் எங்களுக்குத் தெரியாதது. கையைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

தலைவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. அந்த மனிதருக்கு இனியாவது வெட்கம் இருக்கும், உண்மையைச் சொல்வார் என்று நான் நினைத்தேன். இத்தனை வயதாகியும் எனக்குப் புத்தி வரவில்லை. பூசை முடிந்தது. அவர் மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

“பக்த கோடிகளே! நேத்து ராத்திரி சாமி என் கனவுல வந்தாரு. ‘காளிதாஸா, நான் புதுக் கோயிலுக்கு வந்தாலும், பழைய எடத்துலயும் ஒரு கால் வச்சிருக்கேன். அங்கயும் ஹார்ன் அடிக்கச் சொல்லு’ன்னாரு. அதனால இன்னிலேருந்து ரெண்டு எடத்துலயும் அடிங்க.”

கூட்டம் மெய்சிலிர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கமலவேணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நேற்று ராத்திரியாம், கனவாம்! அரை மணி நேரத்துக்கு முன்னால் என் காடியில், கண்ணை விரியத் திறந்து வைத்துக்கொண்டு கண்ட கனவு. நான் வாயைத் திறக்கப்போனேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். ஆனால் அவர் முகமும் சிவந்திருந்தது. முதல் தடவையாக அவர் தலை ஆடவில்லை.

தலைவர் அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “இப்ப, அன்னிக்கு நடந்த தப்புக்கு ராகினி வந்து சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுவா” என்றார். மைக்கை அவளுக்கு நீட்டினார்.

ராகினி நடந்து போனாள். அவள் நல்ல கையால் மைக்கை வாங்கினாள். சாமியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“நான் ஹார்ன் அடிச்சேன்,” என்றாள். “இங்கதான் அடிச்சேன். தலைவரு அடிக்கச் சொன்ன எடத்துல அடிச்சேன். அடிக்கக் கூடாதுன்னு சொன்ன எடத்துல அடிக்கல. லோரி அண்ணனும் அதேதான் செஞ்சாரு. நாங்க ரெண்டு பேரும் சொன்ன பேச்சக் கேட்டோம். அதான் மோதிக்கிட்டோம். இதுல என் தப்பு ஒன்னும் இல்ல.”

எங்கோ ஒரு குழந்தை அழுதது.

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். “மன்னிப்புக் கேக்கறதா இருந்தா, நீங்க கேளுங்க அங்கிள்,” என்று மைக்கை அவருக்கு நேராக நீட்டினாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவர் வாங்குகிற வரைக்கும் அவள் கையை இறக்கவில்லை.